பிரான்காச்சோ பிரிந்த கதை

குகனேஸ்வரி அந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. புத்தகத்தில் அது சின்னதாக இருந்தது. பகலெல்லாம் இத்தாலிய எஜமானிகளான சிஞ்ஞோராக்களின் வீடுகளைத் துடைத்துவிட்டு, மாலையில் வளர்ந்தோருக்கான பள்ளிக்கூடத்தில் போய் உட்காருகிறவள் வேறெதைப் பார்ப்பாள்? முதியோர் பராமரிப்பு வேலைக்குப் படிக்க எட்டாம் வகுப்புச் சான்றிதழ் வேண்டும். அதற்கு வாய்மொழிப் பரீட்சை. சரித்திரத்தில் அவள் எடுத்தது அமெரிக்கச் சுதந்திரப் போர்.

பலெர்மோ நகரின் ஓரத்தில் அவள் குடியிருந்த பிரான்காச்சோவுக்குப் போகும் பஸ்ஸிலேயே படித்தாள். விளங்காத இத்தாலிய வசனங்களை மகள் கேசிகா வீட்டில் பிரித்துச் சொன்னாள். இங்கிலாந்து பிரெஞ்சுக்காரரோடு போரிட்டுக் கடன்பட்டது. உங்களைக் காக்கத்தானே சண்டை பிடித்தோம், நீங்களும் செலவைத் தாங்குங்கள் என்று கடலுக்கு அப்பால் அமெரிக்காவில் இருந்த குடியேற்றங்கள்மேல் வரி போட்டது. முதலில் சர்க்கரைக்கு, பிறகு காகிதத்துக்கு முத்திரை வரி, கடைசியில் தேயிலைக்கு. லண்டன் சபையில் எங்கள் ஆள் ஒருவரும் இல்லை, எங்களைக் கேட்காமல் எப்படி வரி போடலாம் என்று அங்கே குடியேறியவர்கள் எதிர்த்தார்கள்.

"தேயிலையைக் கொண்டுபோய்க் கடலுக்கை கொட்டினவங்களோ? விசர்க் கூட்டம்," என்றாள் குகனேஸ்வரி. இங்கிலாந்து ராசா கேட்டது அவளுக்கு நியாயமாகத்தான் பட்டது.

அவள் மனம் மாறியது மன்றத்தின் அறிவித்தல் வந்த பிறகு.

நகர நடுவில் இருந்த தமிழ் மன்றத்துக்குத் தவராசாதான் பல வருடமாகத் தலைவர். பிரான்காச்சோவில் ஒரு பழைய தச்சுப் பட்டறையில் சனிக்கிழமைகளில் நடந்த தமிழ் வகுப்பும் மன்றத்தின் பெயரில்தான் இருந்தது. அந்த இடத்தைக் கழுவி வெள்ளையடித்து வகுப்பைத் தொடக்கியவர்கள் குகனேஸ்வரியும் அவளுடைய சித்தியின் மகள் றம்யாவும். இருவரும் ஒன்றாகப் பலெர்மோ வந்து, ஒரே கட்டிலில் படுத்தெழும்பிப் பிழைத்தவர்கள். பின்னர் பட்டறைக்காரன் வகுப்பை வெளியேற்றப் பார்த்தபோது மன்றம் வழக்காடிக் காப்பாற்றியது உண்மை. இப்போது அந்தச் செலவுக்காகப் பிரான்காச்சோக் குடும்பங்கள் மட்டும் தனிக்கட்டணம் கட்ட வேண்டுமாம். கட்டாதவர்களின் பிள்ளைகளுக்குச் சான்றிதழில் முத்திரை விழாதாம்.

மன்றக் கூட்டத்தில் குகனேஸ்வரி எழுந்து நின்றாள்.

"தவராசா அண்ணை, இதைத் தீர்மானிச்ச நிருவாகத்திலை பிரான்காச்சோ ஆக்கள் ஆர் இருக்கினம்?"

"உங்களுக்காண்டித்தானே லோயரைப் பிடிச்சனாங்கள்?"

"ஓம், மறக்கேல்லை. கட்டமாட்டம் எண்டும் சொல்லேல்லை. எங்களையும் இருத்தி வைச்சுக் கேட்டுப்போட்டு வரி போடுங்கோ."

"வரியோ?" தவராசா சபையைப் பார்த்துச் சிரித்தார். "சிஞ்ஞோரா வீட்டுக் கக்கூஸைக் கழுவிப்போட்டு வந்து எனக்கு அரசியல் படிப்பிக்கிறா."

மண்டபம் சிரித்தது. றம்யாவும் சிரித்தாள். அவளுடைய புருஷன் றோபேட் நிருவாகத்தில் இருந்தான். அன்று பின்னேரம் அவளும் கக்கூஸ் கழுவிவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"ஊரிலை பிரிஞ்சு அடிபட்டு அழிஞ்சது காணாதோ? இஞ்சையும் துவங்கிறியளோ?" என்றார் தவராசா.

அதை அவர் சொல்லியிருக்கக் கூடாது. குகனேஸ்வரியின் தம்பி வன்னிப் போரில் காணாமல் போனவன். அது தவராசாவுக்கும் தெரியும். அவள் வெளியேறினாள். பிரான்காச்சோக் குடும்பங்களில் பாதி அவளோடு எழுந்து வந்தது.

ஒருவரும் கட்டணம் கட்டவில்லை. சில கிழமைகளில் மன்றம் இறங்கி வந்து கட்டணத்தைப் பாதியாக்கியது. ஆனால் எந்தக் கிளைமீதும் எதையும் விதிக்கத் தனக்கு முழு உரிமை உண்டு என்று கீழே ஒரு வசனம் சேர்த்திருந்தது. கேசிகா அதை வாசித்துவிட்டு, "அம்மா, முத்திரை வரியை எடுக்கேக்கை இங்கிலாந்தும் இப்பிடித்தானே எழுதி வைச்சது?" என்றாள். பாதிக் கட்டணமும் வராமல் போகவே, அடுத்த சனிக்கிழமை பட்டறைக் கதவில் புதிய பூட்டு தொங்கியது. பிள்ளைகள் மழையில் நின்றார்கள்.

பக்கத்தில் வெல்டிங் கடை வைத்திருந்த யசிந்தனின் இரண்டு பிள்ளைகளும் அந்த வகுப்பில்தான் படித்தார்கள். "வெட்டு," என்றாள் குகனேஸ்வரி. அவன் வெட்டினான்.

பொலிஸ் வந்தது. பின்னாலேயே தவராசாவும் றம்யாவும் வந்தார்கள். குகனேஸ்வரியின் பெர்மெஸ்ஸோ, அந்த வதிவிட அனுமதி, புதுப்பிக்கக் கொடுத்து குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தில் கிடந்த நேரம் அது. வழக்கு என்று ஒன்று வந்தால் விசாவே போய்விடலாம். றம்யாவுக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே பொலிஸ்காரனிடம் சுத்தமான இத்தாலியனில், "உடைக்கச் சொன்னது இந்தப் பெண்தான்," என்று கை நீட்டினாள்.

பொலிஸ்காரன் நனைந்த பிள்ளைகளைப் பார்த்தான். இரண்டு பக்கத்துப் பெயர்களையும் எழுதிக்கொண்டு, இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டுப் போனான். வாடகை ஒப்பந்தம் மன்றத்தின் பெயரில் இருந்தது.

பிள்ளைகள் இருந்து படித்த வாங்குகளைத் தூக்கியபோது, அவையும் மன்றத்துக்குச் சொந்தம் என்று தவராசா ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். இழுபறியில் வாங்கு யசிந்தனின் காலில் விழுந்து எலும்பு உடைந்தது. அவன் நிலத்தில் கிடந்து கத்தினான்.

"உனக்கு இது வேணுமோ அக்கா? இப்ப சந்தோசமோ?" என்றாள் றம்யா.

குகனேஸ்வரி அவளுடைய கன்னத்தில் ஓங்கி அறைந்தாள்.

பரீட்சைக்குப் போனபோது அந்தக் கை இன்னும் கனத்துக்கொண்டிருந்தது. ஆண்டுகளைச் சரியாகச் சொன்னாள். சமாதான ஒப்பந்தம் எழுதிய ஊரைக் கேட்டபோது லண்டன் என்று பிழையாகச் சொன்னாள். பாரிஸ் என்று ஆசிரியை திருத்தினாள். இங்கிலாந்தைத் தவிர வேறு யார் தோற்றார்கள் என்று அடுத்த கேள்வி வந்தது.

"ராசாவின் பக்கம் நின்ற அயலவர்கள்," என்றாள் குகனேஸ்வரி. "அவர்களை அடித்தார்கள், வீட்டைப் பறித்தார்கள். கப்பலேறிக் கனடாவுக்குப் போனார்கள். புத்தகத்தில் அவர்களைப் பற்றி ஒரேயொரு வசனந்தான் இருக்கிறது."

"அது சரியா?"

"சரியில்லை. ஆனால் நானும் துரத்தியிருப்பேன்."

ஆசிரியை அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் புள்ளியைப் போட்டாள். பாஸ்.

வகுப்பு இப்போது யசிந்தனின் வெல்டிங் கடையில், இரும்பு வாடைக்குள் நடக்கிறது. நிருவாகத்தை வருடாவருடம் பெற்றோர் கைதூக்கித் தெரிவு செய்கிறார்கள். பிள்ளைகள் முன்பு இருந்ததில் பாதிதான். மற்றவர்கள் மன்றத்தோடு நின்றுவிட்டார்கள். யசிந்தன் நொண்டி நடக்கிறான். பெர்மெஸ்ஸோ நெடுநாள் இழுபட்டுத்தான் கைக்கு வந்தது. றம்யா பக்கத்து ஊரான பகேரியாவுக்கு வீடு மாறிவிட்டாள்.

போன ஆவணியில் ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரை உணவகம் ஒன்றில் ஒரு கலியாண விருந்து. இரண்டு பக்கத்தாரையும் அழைத்திருந்தார்கள், தூரத் தூர இருத்தியிருந்தார்கள். சாப்பாட்டுக்கு நடுவில் றம்யா எழும்பி வந்து குகனேஸ்வரிக்குப் பின்னால் நின்றாள்.

"கேசிகா என்ன செய்யிறாள், அக்கா?"

"படிக்கிறாள்."

றம்யா பக்கத்துக் கதிரையின் முதுகில் கை வைத்தாள். அது காலியாக இருந்தது. குகனேஸ்வரி தன் கைப்பையை எடுத்து அதன்மேல் வைத்தாள்.