உப்புத் தண்ணீரில் கூவிய மெஷின்

இராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எலெக்ட்ரீஷியனாக இருந்த என் மாமாவுக்குத் திடீரென்று பழங்காசு ஆசை பிடித்துக்கொண்டது. டிவியில் ஒரு வெள்ளைக்காரர் நீளக் கம்பைக் கடற்கரையில் ஆட்டி ஆட்டி, ராஜா காலத்துக் காசுகளாகத் தோண்டி எடுத்ததைப் பார்த்ததிலிருந்து வந்த ஆசை. பஞ்சுக்குள் ஆணி கிடந்தால் கண்டுபிடிக்கிற கருவி அவர் மில்லிலேயே உண்டு. அதே சூட்சுமம்தான் என்று சொல்லி, ஒரு பிளாஸ்டிக் தட்டில் செம்புக் கம்பியைச் சுற்றி, பைப்பில் மாட்டி, பேட்டரியும் ஸ்பீக்கரும் வைத்து ஒரு மெஷினைச் செய்தே விட்டார்.

சோதித்துப் பார்க்க அத்தையின் கைதான். கல்யாணத்துக்கு மாமா போட்ட மோதிரம் அதில் இருந்தது. தட்டைப் பக்கத்தில் கொண்டுபோனால் குய்ங்கென்று கூவும். எங்களுக்கெல்லாம் வாய் பிளந்துவிடும்.

எங்கள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில். அத்தைக்குக் குழந்தை வேண்டுமென்று ஆண்டாளிடமும் வைத்தியநாதரிடமும் கேட்டாகிவிட்டது. முருகனிடமும் கேட்டுவிடலாம் என்று அந்த வருஷம் வேன் பிடித்துத் திருச்செந்தூர் போனோம். மெஷினும் வந்தது.

வேனில் ஏறியதுமே மாமா அத்தையிடம் கறாராகச் சொன்னார்: “ஏட்டி, போன தடவை ஆண்டாள் கோயில்ல கம்மலைக் கழட்டி உண்டியல்ல போட்ட மாதிரி இந்தத் தடவையும் எதையாவது போட்டே, பாத்துக்க. சாமி என்ன நகைக்கடையா வச்சிருக்கு?”

“ஏலே, வாயைக் கழுவு,” என்றாள் அம்மா. அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கடலில் முங்கி, நாழிக் கிணற்றில் குளித்து, நல்ல தரிசனம். முருகனின் அந்த முகத்தை இன்று நினைத்தாலும் எனக்குக் கண் நிறைந்துவிடும். உண்டியலில் நான் போட்ட ரூபாய் கிளுக்கென்று விழுந்தது. அத்தை மூடிய கையைக் கண்ணில் ஒற்றியபடி ரொம்ப நேரம் நின்றாள். பிறகு, அவள் வேலை பார்த்த பேண்டேஜ் கம்பெனியின் வெள்ளைத் துணியில் சுருட்டிய எதையோ உள்ளே விட்டாள். சத்தமே இல்லை. சத்தம் கேட்காத காணிக்கை சாமிக்கு எப்படித் தெரியும் என்று எனக்குக் கவலையாக இருந்தது.

புளியோதரை சாப்பிட்டு முடித்ததும் மாமா மெஷினை எடுத்தார். கரை மணலில் நின்று, வழக்கம்போல முதலில் அத்தையின் கை. அவள் முந்தானையால் மூடிக்கொண்ட கைமேல் தட்டைப் பிடித்தார். மெஷின் மூச்சுக் காட்டவில்லை. “வேன் சூட்டுல பேட்டரி படுத்துட்டுது போல,” என்று இரண்டு தட்டுத் தட்டினார்.

அலை ஓரம் போனதும் அதே மெஷின் அலற ஆரம்பித்தது. எங்கே வைத்தாலும் குய்ங் குய்ங்! “ஏட்டி, கடலுக்கடியில கஜானாவே கெடக்கு!” என்று மாமா குதித்தார். நாங்கள் தோண்டினோம். மணல், சிப்பி, மறுபடி மணல்.

அப்போதுதான் முழங்கால் தண்ணீரில் நின்ற அத்தை, “ஐயோ, மோதிரத்தைக் காணோமே!” என்றாள்.

மாமா முகம் விழுந்துவிட்டது. தட்டைக் கேரி பேக்கில் சுற்றிக்கொண்டு வேட்டி நனைய இறங்கித் தேடினார். மெஷின் அலைக்கு அலை கூவியது. கூட்டம் கூடிவிட்டது.

“அண்ணாச்சி, அது மோதிரத்துக்குக் கூவுதா, பசிக்குக் கூவுதா? சுண்டல் வாங்கிப் போடுங்க,” என்றான் சுண்டல்காரன்.

“விடுங்க, கடலம்மா கொண்டுபோனா போகட்டும்,” என்று அத்தை கெஞ்சினாள்.

“எம்புட்டு ஆசையா வாங்குனேன், தெரியுமாட்டி?” மாமா மறுபடி தண்ணீருக்குள் குனிந்தார். அத்தை அழுதேவிட்டாள்.

வெயில் தாழத் தோற்றுப்போய் வேனுக்குத் திரும்பினோம். வழியில் காய்ந்த மணலில் மெஷின் ஒரே இடத்தில் கூவியது. நான் கையால் தோண்டினேன். எழுத்தெல்லாம் தேய்ந்த, தடித்த ஒரு செப்புக்காசு! மாமா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வேனில் காசைத் துண்டால் துடைத்தபடியே எனக்கு விளக்கினார்: “உப்புத் தண்ணியிலயே கரண்ட் ஓடும்லா, அதான் கண்ட எடத்துலயும் கத்திருக்கு. மெஷின் மேல தப்பில்ல தாயி. காஞ்ச எடத்துல அது பொய்யே சொல்லாது.”

“அத்தை கையும் காஞ்சுதான மாமா இருந்துச்சு? பொறவு ஏன் கூவல?”

மாமா பதில் சொல்ல வாயைத் திறந்தார். திறந்தபடியே அத்தையைப் பார்த்தார். அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

பிறகு மாமா அந்தக் காசை அத்தையின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

“அடுத்த தடவை வாரப்போ இதையும் சேத்துப் போட்டுரு.”

அத்தை அழுதுகொண்டே சிரித்தாள். நான் தோண்டிய காசை என்னைக் கேட்காமல் கொடுத்துவிட்டாரே என்று எனக்குப் பெரிய வருத்தம். அதோடு, எதோடு சேர்த்துப் போடச் சொல்கிறார் என்றும் விளங்கவில்லை. கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அம்மா இன்னொரு கிள்ளு கிள்ளினாள்.