முத்தையா மேல் விழுந்த இங்கிலீஷ்

சங்க வேலை என்றால் கொடி பிடிப்பது, கோஷம் போடுவது என்று வெளியே நினைக்கிறார்கள். என் ஆயுளில் பாதி அகராதி புரட்டியே போயிற்று. சார்ஜ் ஷீட் வாங்கிய அன்பர்களுக்கு இது புரியும். நம்மைத் திட்டுவதற்கென்றே வெள்ளைக்காரன் விட்டுப்போன வார்த்தைகளை டெல்லி ஆபீஸ் பீரோக்களில் பத்திரமாக வைத்திருந்தார்கள். துண்டுப் பிரசுரம் படித்தே இங்கிலீஷ் கற்றவன் நான். ஆனாலும் தர்யாகஞ்ச் நடைபாதையில் வாங்கிய பழைய அகராதியோடு எந்த விசாரணை அறைக்குள்ளும் நிமிர்ந்துதான் நுழைந்தேன்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் சர்க்கார் பட்டறையில் முத்தையா என்று ஒரு ஹெல்பர். விருதுநகர்ப் பக்கத்துக்காரர். மஞ்சள் காமாலையில் கிடந்துவிட்டு வேலைக்கு வந்தவரை சூப்பர்வைசர் கேட்டிலேயே நிறுத்திவிட்டார். அதைப் பார்த்து மற்றவர்கள் வேலையை நிறுத்தினார்கள். முத்தையாவை சஸ்பெண்ட் செய்தார்கள். வேலை போனால் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸும் போகும். இலாகா விசாரணைக்கு வக்கீல் வரக்கூடாது. சக ஊழியர்தான் வாதாடலாம். நான் போனேன்.

மாலிங்கரர்

வேலைக்கு டிமிக்கி கொடுக்க நோயாளியாக நடிப்பவர் என்று பொருள். முதல் குற்றச்சாட்டே இதுதான். அகராதியை விரித்தேன். பிரெஞ்சில் நோஞ்சான் என்ற அர்த்தத்தில் இருந்த சொல் இது. பட்டாளத்து அதிகாரிகள் வாயில் விழுந்த பிறகுதான் பொய்க்காரன் ஆயிற்று. "எங்கள் ஆளுக்குப் பழைய அர்த்தம்தான் பொருந்தும்" என்றேன். விசாரணை அதிகாரி கபூர் சாஹிப் கண்ணாடியைக் கழற்றினார். சங்கத் தலைவர் யாரானாலும் அவருக்கு நேதாஜிதான்.

"அச்சா, நேதாஜி! அப்போ நாங்கள் அவனை நலம் விசாரித்துத்தான் எழுதியிருக்கிறோம் என்கிறீர்களா?"

ரிங்லீடர்

கலகத்துக்குத் தலைவன். ஆதியில் இங்கிலீஷ்காரர்கள் கைகோத்து வட்டமாக ஆடும்போது, ஆட்டத்தைத் தொடங்கி வைப்பவருக்குத்தான் அந்தப் பெயர். நாலு பேர் கைகோத்தால் ஆள்கிறவனுக்கு ஆகாதே! ஆட்டக்காரனைக் கலகக்காரனாக்கிவிட்டான். இப்படி நான் முழங்கிக்கொண்டிருக்கும்போது முத்தையா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"நான் எங்கண்ணே ஆடுனேன்? நிக்கத் தெம்பில்லாம கேட்டோரமா உக்காந்துல்ல இருந்தேன்."

ஆஸ்ட்லர்

மூன்றாவது குற்றச்சாட்டு, ஆஸ்ட்லர் பணியை விட்டு அகன்றார் என்பது. கபூருக்கே அர்த்தம் தெரியவில்லை. அகராதி சொல்லிற்று: சத்திரத்தில் குதிரைகளைக் கவனிப்பவர். முதலில் சத்திரக்காரருக்கே இருந்த பெயர், பிற்பாடு லாயத்துக்கு இறங்கிவிட்டதாம். எங்கள் பட்டறையில் லேத் உண்டு, குதிரை கிடையாது. டைப் அடித்த சர்மாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

"பழைய சாம்பிள் சார்ஜ் ஷீட்ல அப்படித்தான் இருக்கு சார். ஆள் பேரை மட்டும்தான் மாத்துவோம். மத்ததைத் தொட எனக்கு அதிகாரம் இல்லை."

கன்ட்ரைட்

சார்ஜ் ஷீட் செல்லாது என்றாகிவிட்டது. கேட் மீட்டிங்கில் குதிரைக் கதையைச் சொன்னேன். கைதட்டல் அடங்கவே இல்லை. ஆனால் புது சார்ஜ் ஷீட் வரும்வரை சஸ்பென்ஷன் நீடிக்கும் என்றார்கள். அது வரவேயில்லை. முத்தையாவின் மனைவி கோட்டி என்கிற பங்களா வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் போனாள். மழை போய்க் குளிரும் வந்த பிறகு கபூர் எங்களைக் கூப்பிட்டு ஒரு மன்னிப்புக் கடிதத்தை நீட்டினார். கையெழுத்துப் போட்டால் நாளையே வேலை.

அதில் இந்த வார்த்தை இருந்தது. இன்றைக்கு மனம் வருந்துபவன் என்று பொருள். லத்தீன் வேரில் அரைத்து நசுக்கப்பட்டவன். "போடாதே முத்தையா! உன்னை அரைத்து மாவாக்கிவிட்டோம் என்று உன் கையாலேயே எழுதி வாங்கப் பார்க்கிறார்கள்" என்றேன். அவர் என் சட்டைப் பையைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"இத்தனையில இந்த ஒரு வார்த்தைதாண்ணே எனக்குப் பொருந்தி வந்திருக்கு. பேனாவைக் குடுங்க."

மூன்று வார்த்தைகளை நான் ஜெயித்தேன், நாலாவதிடம் தோற்று முத்தையா வேலையை ஜெயித்தார். சங்கத்தின் ஆண்டறிக்கையில் மட்டும் இரண்டையும் என் வெற்றியாகத்தான் போட்டார்கள்.