மதகுக்காரி தாக்காவும் நத்தைகுத்தி நாரைகளும்

இன்சோயா ஆற்றுப் பாசன வயல்களில் பத்தொன்பது வருடமாக மதகு திறந்து மூடுகிறவள் தாக்கா. விடிவதற்கு முன்பே வரப்பில் நிற்பவள் என்பதால், நைரோபியிலிருந்து வந்த பறவைச் சங்கத்தார் ஒரு தொலைநோக்கியையும் பறவைகளை எண்ணி எழுத ஒரு கட்டுப் படிவத்தையும் அவளிடம் ஒப்படைத்திருந்தார்கள். எழுதத் தொடங்கிய வருடம் நத்தைகுத்தி நாரை மட்டும் ஆயிரத்து நானூறு. போன வருடம் முந்நூறைத் தொடவில்லை. குளிர் தேசங்களிலிருந்து வரும் உள்ளான் பறவைகளும் அருகிவிட்டன. மழை தப்புகிறது, அதனால்தான் என்று அவள் நம்பியிருந்தாள்.

இந்த வருடம் மழை மூன்று வாரம் பிந்தி, ஏப்ரல் கடைசியில் கொட்டியது. மறுநாள் இருநூற்றுப் பன்னிரண்டு நாரைகள் இறங்கின. சந்தோஷத்தில் இரண்டு தடவை எண்ணினாள்.

அடுத்த நாள் காலை அதே வயலில் பறவைகள் சேற்றில் கவிழ்ந்து கிடந்தன. சில கழுத்தைத் தூக்கப் பார்த்து, முடியாமல் மறுபடி விழுந்தன. சுற்றிலும் உடைத்த நத்தைகள், உள்ளே ஊதா நிறப் பூச்சிமருந்துப் பொடி. நடுவில் ஒரு நாரை மட்டும் நின்றது. காலைக் குச்சியில் கட்டியிருந்தார்கள். கண்ணிமைகளை நூலால் தைத்திருந்தார்கள்.

வரப்பில் குந்தி, செத்ததை ஒவ்வொன்றாக எடுத்துக் குடலை உருவிக்கொண்டிருந்தான் வெசோங்கா, அவள் புருஷனின் தம்பி.

"வாங்க அண்ணி. எண்ணியாச்சா?"

"கண்ணைத் தைச்சது யாருடா?"

"நான்தான். கண்ணு தெரிஞ்சா படபடன்னு அடிச்சிக்கிட்டு மத்ததை விரட்டிடுது. இப்ப பாருங்க, சமத்தா நிக்குது. அதை நம்பித்தான் எல்லாம் இறங்குது."

"விஷம் தின்ன கறியை ஊருக்கு விக்கிறியா?"

"குடலைச் சட்டுனு எடுத்துட்டா ஒண்ணும் ஆகாது. கிறிஸ்துமஸுக்கு வாத்துன்னு உங்க வீட்டுக்கும் குடுத்தனுப்பினேனே. எலும்பைக்கூட விடாம சாப்பிட்டீங்களாம்."

தாக்கா வாய்க்கால் ஓரம் போய் வாந்தி எடுத்தாள். வாயைக் கழுவிவிட்டு வந்து, அவன் கத்தியைப் பிடுங்கி, கட்டிவைத்த நாரையின் தையலைப் பிரித்தாள். அது கண்ணைத் திறந்து பார்த்தது. பறக்கவில்லை. சிறகின் இறகுகளை அவன் முன்பே பிடுங்கியிருந்தான்.

செத்துக் கிடந்த அறுபத்து மூன்றில் பதினொன்றைச் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு நேரே விவசாயிகள் சங்கக் கூட்டத்துக்குப் போனாள். எல்லோர் முன்னாலும் கொட்டினாள். யாரும் முகம் சுளிக்கவில்லை. முன்வரிசைக்காரி ஒருத்தி குனிந்து தொட்டுப் பார்த்து, "ஜோடி என்ன விலை, தாக்கா?" என்றாள். சங்கச் செயலாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எழுதிக் குடும்மா, பார்க்கலாம்," என்றார்.

அன்று மத்தியானமே அந்தப் பகுதியின் மதகை இறக்கிப் பூட்டினாள். தண்ணீர் இல்லாவிட்டால் நாரை இறங்காது. மறுநாள் வயல்காரர்கள் திரண்டு வந்தார்கள்.

"நாரைக்காக எங்க நாத்தைக் காயப்போடுறியா?"

"பொடி வைக்கிறவன் பேரை உங்க வாயாலயே சொல்லுங்க. இப்பவே திறக்கறேன்."

எல்லோருக்கும் தெரியும். நாற்று வாடுகிற கதையையே திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுக் கலைந்தார்கள். மூன்றாம் நாள் செயலாளரே ஆள் வைத்துப் பூட்டை உடைத்தார். அவளை ஒரு வாரம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்.

நைரோபிப் பறவைச் சங்கத்துக்குப் போன் போட்டாள். அங்கிருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "செத்ததுக்குப் படிவத்துல இடமில்லம்மா. உயிரோட இருக்கிறதை மட்டும் எழுதுங்க."

வேலைக்குத் திரும்பிய அன்று வயலில் தண்ணீர் நிறைந்திருந்தது. ஒரு நாரைகூட இல்லை. நல்லவேளை, வரவில்லை என்று முதலில் தோன்றியது. இத்தனை வருடம் எண்ணியவளுக்கு, வராததில் நிம்மதி. அதை நினைத்துத் தன்மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது. படிவத்தில் பூஜ்யம் போட்டு, அதன் கீழே, இடம் இல்லாத இடத்தில், செத்தவை அறுபத்து மூன்று என்று எழுதி அனுப்பினாள்.

அதற்குப் பிறகு கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் அவள் அடுத்தவர் வீட்டில் கறி தொடுவதில்லை. வெசோங்கா வந்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறாள்.