கத்தத் தெரியாத ஜுவேரியா

ஜுவேரியாவுக்குத் தன் குரலைப் பற்றிக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருக்காதா பின்னே! லஸ் பக்கம் ஒரு மாடியில் மனநல ஆலோசனை அறை வைத்து ஒன்பது வருஷம் ஆகிறது. ராயப்பேட்டையில் அவள் பிறந்த வீட்டில் எல்லாரும் ஊரைக் கூட்டிப் பேசுகிற ஆட்கள். இவள் மட்டும் பூனை நடப்பதுபோல் பேசுவாள். "உங்க குரலக் கேட்டாலே பாதி நோய் போச்சு மேடம்" என்று வருகிறவர்கள் சொல்லிச் சொல்லி, அவளும் அதை நம்பிவிட்டாள்.

அந்தப் பேரைக் கேட்டுத்தான் நாகராஜ் தன் அம்மாவைக் கூட்டிவந்தான். அவன் கால் டாக்சி ஓட்டுகிறவன். அம்மா சுப்பம்மாவுக்குப் பட்டினப்பாக்கத்தில் மீன் கடை.

"ஊட்ல எப்பப் பாரு கத்தல் மேடம். ஒண்ணு கேட்டா பதில் வராது, கத்தல்தான் வரும். என் பொண்டாட்டி அழுதுகினே கீறா. இந்தக் கோவத்த நீங்க எறக்கலைன்னா அடுத்த மாசம் நாங்க தனி ஊடு பாத்துக்கினு போய்டுவோம்." சுப்பம்மா மகனுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறு வாரம், வாரத்துக்கு ஒரு மணி நேரம். கோபத்தின் வேர் எது, மூச்சை எப்படி விடுவது என்று ஜுவேரியா தேன் ஒழுகப் பேசினாள். "சரி கண்ணு, சரி கண்ணு" என்று சுப்பம்மா தலையாட்டினாள். கோபம் வந்தால் கண்ணை மூடிப் பத்து விரலையும் ஒவ்வொன்றாக மடக்க வேண்டும் என்று ஜுவேரியா செய்து காட்ட, அவளும் அச்சு அசலாகச் செய்தாள். இப்படி ஒரு சமர்த்து ஆள் வந்ததே இல்லை என்று ஜுவேரியாவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. புருஷன் ஆசிஃபிடம் பீற்றிக்கொண்டது வேறு!

ஏழாவது வாரம் நாகராஜ் மட்டும் வந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"அம்மா இப்ப கத்துறதில்ல மேடம். பேசுறதும் இல்ல. இன்னா சொன்னாலும் கண்ண மூடிக்கினு விரல மடக்குது. பயமா கீது. கத்துன அம்மாவே தேவல."

மறுநாள் காலை அவன் வண்டியிலேயே ஜுவேரியா மீன் கடைக்குப் போனாள். ஒரு பெண்மணி வஞ்சிரத்தைப் பாதி விலைக்குக் கேட்டாள். சுப்பம்மா கண்ணை மூடினாள். ஏழாவது விரல் மடங்குவதற்குள் அந்தப் பெண்மணி பக்கத்துக் கடையில் மீனை வாங்கி ஆட்டோவும் ஏறிவிட்டாள். பத்தும் முடித்துக் கண்ணைத் திறந்த சுப்பம்மா, ஆளில்லாத இடத்தைப் பார்த்துச் சாந்தமாகச் சிரித்தாள். ஜுவேரியாவுக்குச் சிரிப்பும் வந்தது, மானமும் போனது.

பின்னால் நின்று, "சுப்பம்மாக்கா" என்றாள். திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டாள். ஊஹூம். அந்த நேரம் ஒரு பஸ் முதுகுக்குப் பின்னால் ஹாரன் அடித்தது. ஜுவேரியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுப்பம்மா பாட்டுக்கு ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

யா அல்லாஹ்! காது கேட்காத பொம்பளையிடம் ஆறு வாரமாகக் கிசுகிசுத்திருக்கிறாள்! நான் பேசுவது கேட்கிறதா என்று இந்த ஒன்பது வருஷத்தில் ஒருத்தரிடமாவது கேட்டதுண்டா இவள்? படித்த படிப்பைக் கொண்டுபோய்க் கடலில் போட!

இருக்கிற மூச்சையெல்லாம் திரட்டி, "சுப்பம்மாக்கா!" என்று விட்டாள் பாருங்கள் ஒரு கத்து, மீன் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். சுப்பம்மா திரும்பினாள், வாயெல்லாம் பல். "அட டாக்டரம்மா! இன்னிக்குதான் தொண்ட தொறந்துச்சா உனக்கு?"

"எத்தன நாளாக்கா காது கேக்கல?" ஜுவேரியா கத்தித்தான் கேட்டாள்.

"மூணு வருசமாச்சு. தெரிஞ்சா இவன் கடைக்குப் போவாதன்னுடுவான். அதான் கேள்வி வர்றதுக்குள்ள நானே முந்திக்கினு கத்திடுறது."

"எங்களுக்கு எப்பவோ தெரியும்!" என்றாள் பக்கத்துக் கடைக்காரி.

"தப்பு என்னோடதுக்கா. காது டாக்டர்கிட்ட நானே கூட்டிப் போறேன். ஆமா, ஒண்ணுமே கேக்கலன்னா ஆறு வாரம் எதுக்கு வந்தீங்க?"

"நீ எம் மூஞ்சையே பாத்துக்கினு பேசுன கண்ணு. ஒரு மணி நேரம்! அவ்ளோ நேரம் யாரு பாக்குறாங்க என்னிய?"

நாகராஜ் வண்டிச் சாவியைப் பையில் போட்டான். மீன் பலகைக்கு இந்தப் பக்கம் குந்தி, அம்மாவின் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு, "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டான்.

"இன்னும் இல்லடா நைனா!" என்று சுப்பம்மா சாந்தோம் வரைக்கும் கேட்கக் கத்தினாள்.