நாற்பது நிமிட வேலை

அக்கா எந்த ரிப்போர்ட்டையும் விரித்துக் கொடுத்து நான் பார்த்ததில்லை. எழுத்து உள்ளே போகும்படி இரண்டாக மடித்து, உறைக்குள் போட்டு, உரியவர் கையில்தான் கொடுப்பார். பெண்டாட்டியின் ரிப்போர்ட்டைப் புருஷன் வந்து கேட்டால்கூட, "அவியள வரச் சொல்லுங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார். சங்கரன்கோவில் தேரடிக்குப் பக்கத்தில் இருந்த அந்த ரத்தப் பரிசோதனை லேபில் ஊசி குத்துவதிலிருந்து முடிவைச் சரிபார்ப்பது வரை எல்லாம் அவர்தான். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து அவர் கதவைத் திறக்கும்போதே, வெறும் வயிற்றோடு பத்துப் பேர் வாசலில் நின்றுகொண்டிருப்பார்கள்.

நான் அந்த லேபுக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தவள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து, வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். லேப் முதலாளியான அண்ணாச்சி கேட்டார், செய்து கொடுத்தேன். மெஷின் சொல்லும் முடிவு கம்ப்யூட்டருக்கு வந்து, அங்கிருந்து நோயாளியின் செல்போனுக்குப் போய்விடும். அடிக்கடி போய்வந்ததில் அக்கா பழக்கமானார். என்னை 'ஏட்டி' என்றுதான் கூப்பிடுவார். பிறந்த ஊரை விட்டு வந்திருந்த எனக்கு, அப்படி உரிமையாகக் கூப்பிட ஓர் ஆள் வேண்டியிருந்தது.

எந்த மென்பொருளையும் ஒருவரே முழுதாக எழுதிவிடுவதில்லை. யார் யாரோ எழுதிப் பொதுவில் வைத்திருக்கும் பாகங்களை எடுத்துச் சேர்த்துக்கொள்வோம். ரிப்போர்ட்டுகளைச் சேமித்து அனுப்பும் பாகம் அப்படி நான் எடுத்துப் போட்டதுதான், பழைய பதிப்பு. அதில் ஓர் ஓட்டை இருக்கிறது, வழி தெரிந்த எவரும் உள்ளே நுழைந்துவிடலாம், அதை அடைத்த புதிய பதிப்பை உடனே போட்டுக்கொள்ளுங்கள் என்று அதை எழுதியவர்கள் அறிவித்தார்கள். டீ குடிக்கும்போது பேச்சுவாக்கில் அக்காவிடம் இதைச் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்ப யாரு ரிப்போர்ட்டையும் யாரும் பாக்கலாமா?"

"நினைச்சா பாக்கலாம். நம்ம ஊரு லேப எவன்க்கா தேடி வரப்போறான்?"

"வரமாட்டான்னு நீ எப்படிட்டி சொல்லுத? இங்கன வாரவிய நம்மள நம்பில்லா கைய நீட்டுதாவ."

எனக்குப் பயம் வேறு மாதிரி. முன்பு ஒருமுறை வேறொரு பாகத்தைப் புதுப்பித்தபோது, மெஷினும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்வதை நிறுத்திவிட்டன. இரண்டு நாள் அக்கா எல்லா ரிப்போர்ட்டையும் கையால் எழுதினார். அண்ணாச்சி என்னை எல்லார் முன்னாலும் ஏசினார். அந்த ஏச்சு என் காதை விட்டுப் போகவில்லை. விரல் வீங்க எழுதிய அக்காவோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை லேபை மூடிவிட்டு இதை மாற்றிவிடலாம் என்று அவராகவே போய் அண்ணாச்சியிடம் கேட்டார்.

"ஓடுதத எதுக்கும்மா நிறுத்தணும்? தபசு முடியட்டும்" என்றார் அண்ணாச்சி. என்னைத் திரும்பிப் பார்த்து, "அவசரமா?" என்றார்.

"அவசரம் ஒண்ணும் இல்ல, அண்ணாச்சி" என்றேன்.

ஆடித்தபசுத் திருவிழா முடிந்தது. காய்ச்சல் சீசன் வந்தது, லேபில் நிற்க இடமில்லை. அக்கா வாரம் ஒருமுறை கேட்டார். வாரம் ஒருமுறை நான் அடுத்த வாரம் என்றேன்.

பிறகு ஒருநாள், பெயரோடும் வயதோடும் ஒரு கட்டு ரிப்போர்ட்டுகள் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றத் தொடங்கின. அதில் ஒன்று சிவகிரிப் பெண்ணுடையது. சின்ன வயதிலேயே சர்க்கரை, தினமும் இன்சுலின் போடுகிறவள். நிச்சயத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுப் பேச்சை முறித்துக்கொண்டார்கள். அவளுடைய அப்பா லேபுக்கு வந்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தோம். "சமயம் பாத்து நாங்களே சொல்லுததா இருந்தோம். எம்பிள்ள பேரு எப்படி வெளிய போச்சு, அத மட்டும் சொல்லுங்க" என்று கைகூப்பிக் கேட்டார்.

அண்ணாச்சி அக்காவைப் பார்த்தார். ரிப்போர்ட்டெல்லாம் அக்காவின் பாஸ்வேர்டில்தானே போகிறது. அக்கா அதிர்ந்துபோய் என் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, பழசுல ஓட்டை இருக்குன்னு சொன்னியே. அத மாத்திட்டியா?"

யார் எப்போது உள்ளே நுழைந்தார்கள் என்று கம்ப்யூட்டர் குறித்துவைக்கும் பதிவுகளை முந்தின நாளே நான் தேடிப் பார்த்துவிட்டேன். யாரோ அந்த ஓட்டை வழியாகத்தான் வந்து, எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தே சொன்னேன்:

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லக்கா."

அக்கா பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். இனி வேலைக்கு வரவேண்டாம் என்று அண்ணாச்சி அவருக்கு ஆள் விட்டுச் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லேபில் தனியாக உட்கார்ந்து புதிய பதிப்பைப் போட்டேன். சோதனையெல்லாம் சேர்த்து நாற்பது நிமிடம். எதுவும் நிற்கவில்லை. மெஷின் எப்போதும்போல முடிவுகளை அனுப்பியது. ஏதாவது கெட்டுப்போகாதா, நான் பயந்ததற்கு ஒரு நியாயமாவது கிடைக்காதா என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அறிவிப்பு வந்த அன்றே புதுப்பித்துவிடுகிறேன். ரொம்பக் கவனமான பொண்ணு என்று அண்ணாச்சி மற்றவர்களிடம் என்னைப் பற்றிச் சொல்கிறார். ரிப்போர்ட்டை வெளியே விட்டவள் என்ற பேச்சு பரவியதால், வேறு எந்த லேபும் அக்காவைச் சேர்த்துக்கொள்ளவில்லை. துணி தைக்கும் இடமொன்றில் நூல் பிசிறு வெட்டுகிறார்.

போன மாதம் கரிவலம்வந்தநல்லூருக்குப் போய் அவரைப் பார்த்தேன். "வாங்க" என்றார். என்னை அவர் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. தண்ணீர் கொடுத்தார். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், பதிவுகளைப் பார்த்தது, பார்த்தபின் பொய் சொன்னது எல்லாம். முழுக்கக் கேட்டுவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னார்:

"இத எங்கிட்ட எதுக்குச் சொல்லுதிய? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவிய சிவகிரில இருக்காவ, உங்க லேபுல இருக்காவ. அங்கன போய்ச் சொல்லுங்க."

சிவகிரிக்கு அடிக்கடி பஸ் இருக்கிறது. நான் இன்னும் ஏறவில்லை.