விளிம்பில் அடங்கிய அலை

கே.ஜி.கண்டிகையில் நின்ற பேருந்தின் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். ‘பொதட்டூர்பேட்டை’ என்று முடிப்பதற்குள் அக்காவின் அழைப்பு வந்தது. பாவா போய்விட்டார். எல்லாவற்றிலும் என்னை முந்தியவர், இதிலும் முந்திக்கொண்டார்.

அக்காவின் கணவர் தயாளனைத்தான் பாவா என்பேன். இந்த நினைவு மலரைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவர் பேராசிரியர். இந்த வயதில் எழுதப் படிக்கக் கற்று நான் எழுதும் முதல் நீண்ட எழுத்து இது. கரும்புக் கரணை ஊன்றுவதுபோல ஒவ்வோர் எழுத்தும் மெதுவாக விழுகிறது. ஆனாலும் இனிக்கிறது. அவரைப் பற்றி நீங்கள் மட்டுமே எழுதிவிடக் கூடாது என்பதும் ஒரு காரணம்.

கணினிக்குள் தண்ணீரை ஓடவிட்டுப் பார்ப்பது அவர் வேலை. துறைமுகம் கட்டுமுன் அலை எப்படி வரும் என்று அதில் பார்ப்பார்களாம். ஒரு கோடையில் எங்கள் வீட்டுக்கு வந்தவர், மடிக்கணினியில் நீல அலைகளைப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டிருந்தார். என் ஆழ்துளைக் கிணறு வற்றிக் கிடந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இங்க குடிக்கவே தண்ணி இல்ல பாவா. நீங்க பொட்டியில அலை வுட்டுகினு இருக்கீங்க.”

அவர் கோபிக்கவில்லை. திரையை என் பக்கம் திருப்பினார். “கடல்ல அலை போய்கினே இருக்கும் மச்சான். இந்தப் பொட்டிக்கு விளிம்பு இருக்குது. அதுல மோதித் திரும்பி வந்து கணக்கையே கெடுக்குது.”

பொங்கலுக்கு வந்தபோது அலை திரும்பவில்லை. விளிம்பை ஒட்டி ஒரு பட்டை விட்டிருந்தார். அதில் நுழைந்த அலை தளர்ந்து தளர்ந்து அடங்கியது. ஒரேயடியாக அடக்கிவிட வேண்டியதுதானே என்று கேட்டேன்.

“ஒரேடியா அடக்குனா அந்த எடமே செவுரு ஆயிடும். அதுல மோதித் திரும்பும். மொதல்ல லேசா, உள்ள போகப் போகத்தான் அழுத்தணும்.”

எனக்குப் புரிந்துவிட்டதில் சந்தோஷம். அவருக்கு முன்பே புரிந்திருந்ததில் வயிற்றெரிச்சல். இது தன் கண்டுபிடிப்பு இல்லை, ஊர் உலகத்தில் எல்லோரும் செய்வதுதான் என்றார். அந்தப் பணிவின்மீதும் பொறாமைப்பட்டேன்.

கிருத்திகைக்கு மலையேறிவிட்டு வந்தால் எங்கள் வீட்டில் மாப்பிள்ளைக்குத்தான் முதல் இலை. ஒருமுறை, வயலில் கால் வைக்காதவருக்கு முதல் இலையா என்று எல்லோர் முன்பும் கேட்டேன். சாம்பாரில் இருக்கும் முருங்கைக்காய் நம் மரத்துக் காயா என்று பாவா கேட்டார். ஆங் என்றேன். மரத்தில் கம்பளிப்பூச்சி இருக்கிறதா என்றார். பிறகு கரும்பை ஆலைக்கு வெட்டியாயிற்றா என்றார். மோர் வந்தபோது அவர் இலையில் நானே ஊற்றிக்கொண்டிருந்தேன். நான் வீசிய பேச்சு அவரிடமிருந்து திரும்பவே இல்லை.

அவர் காரியத்தன்று பந்தியில் ஒரு மாணவர், பிள்ளையில்லாத சார் தன்னைத்தான் மகனாக நினைத்தார் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு நெஞ்சு எரிந்தது. நறுக்கென்று ஒன்று சொல்லத்தான் பக்கத்தில் போனேன். வாயில் வந்தது வேறு.

“பஸ்ல உக்கார எடம் கெடச்சுதாப்பா?”

திருவள்ளூர்வரை நின்றுகொண்டே வந்தாராம். எப்போது கிளம்பினார், காலையில் ஏதாவது சாப்பிட்டாரா என்று விசாரித்தேன். இலையில் இன்னொரு வடை வைத்தேன். பின்னால் நின்ற அக்கா, அழுது வீங்கிய முகத்தோடு என்னைப் பார்த்தாள்.

“அப்டியே அவராட்டமே பேசறடா.”

அலையும் கணக்கும் உங்களிடம் இருக்கட்டும். அக்கா சொன்ன அந்தச் சொல் என்னுடையது. அதில் யாருக்கும் பங்கு தர மாட்டேன்.