பேத்திக்குப் பள்ளிக்கூடம் பார்த்த படலம்

கபாலி கோபுரம் இருக்கிற திசை நோக்கிக் கும்பிட்டுச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைக்குப் பள்ளிக்கூடம் தேடுவது முழுநேர உத்தியோகம். சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது. என் பேத்தி நிலாவுக்கு ஆறு வயசு. இந்த ஜூனிலும் இடம் கிடைக்காவிட்டால் இன்னொரு வருஷம் வீட்டுச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அலைந்தவர்களுக்குப் புரியும்.

பேனர்

அடையாறில் ஒரு பெரிய பள்ளி. வாசலில் 'எல்லாரையும் அரவணைப்போம்' என்று பஸ் நீளத்துக்குப் பேனர். உள்ளே போட்டிருந்த ஏசியில் என் மீசையில் ஐஸ் கட்டிவிட்டது. சீப்பால் சுரண்டித்தான் எடுத்தேன். பிரின்ஸிபால் அம்மா நிலாவைப் பார்த்து உருகினார், கன்னத்தைக் கிள்ளினார், பிறகு வரிக்கு வரி 'ஆனால்' போட ஆரம்பித்தார். வாசலில் எழுதியிருக்கிறதே என்று என் பெண் சுதா கேட்டாள்.

"அது ஆண்டு விழாவுக்கு வெச்ச தீம், மேடம். அட்மிஷனுக்கு இல்ல."

தனி கேட்

தி.நகர் பள்ளியில் உடனே இடம் தருகிறோம் என்றார்கள். சுதா ஆபீஸ் பேச்சை நம்புகிற ஜாதியில்லை. பள்ளி விடுகிற நேரத்தில் போய் வாசலில் நின்று, யார் யார் வெளியே வருகிறார்கள் என்று பார்ப்பாள். தீபாவளிக்கு முந்தின நாள் ரங்கநாதன் தெரு மாதிரி பிள்ளைகள் கொட்டினார்கள். நிலா மாதிரி ஒன்றுகூட இல்லை. வாட்ச்மேனை விசாரித்தேன்.

"அந்தப் பசங்களுக்குப் பின்னால தனி கேட்டு கீது பெர்சு. மத்த பேரன்ட்ஸ் கண்ணுல படக்கூடாதுன்னு ஆர்டரு."

டிபன் டப்பா

மயிலாப்பூரில் ஒரு சின்னப் பள்ளி. ஹெட்மிஸ்ட்ரஸ் சுதாவுக்கு வகுப்பறையைக் காட்டப் போனார். திரும்புவதற்குள் நிலா அவர் நாற்காலியில் ஏறி, அவருடைய தயிர்சாதத்தை முடித்துவிட்டு, "உப்பு கம்மி, மிஸ்" என்றாள். ஊறுகாய்கூட மிச்சமில்லை. இந்த இடமும் போச்சு என்று செருப்பைத் தேடினேன். அவளுக்குத் தெரியாது, அவளுக்கு வந்து, என்று சுதா மென்று விழுங்கினாள். அந்தம்மா காதிலேயே வாங்காமல், கேட்காமல் எடுத்தது தப்பு என்று நிலாவைப் பிடிபிடியென்று பிடித்து, டப்பாவை அலம்பி வரச் சொல்லிக் குழாயடிக்கு அனுப்பினார். எங்கள் குழந்தையை ஒரு பள்ளிக்கூடம் திட்டியது அதுதான் முதல் தடவை. சுதா முகத்தில் கல்யாணக் களை வந்துவிட்டது.

"அவளுக்கு என்னன்னு நேக்குத் தெரியறதும்மா. இங்க யார் எடுத்துத் தின்னாலும் அலம்பித்தான் வெக்கணும். திங்கட்கிழமை கூட்டிண்டு வா, லேட்டா வந்தா அதுக்கும் திட்டுவேன்."

ஆகையால், குழந்தையைப் பார்த்து உருகுகிற பள்ளியை விட்டுவிட்டு, கூச்சமில்லாமல் திட்டுகிற பள்ளியாகப் பார்த்துச் சேர்த்துவிடுங்கள்; யார் சொன்னது என்று கேட்டால் மட்டும், அப்படி ஒரு கிழவனைப் பார்த்ததே இல்லை என்று சொல்லிவிடுங்கள்.